அறுபத்தொன்று என்று நான் போட்ட புள்ளி

மகன் தம்பிக்கு,

புதன்கிழமை பின்னேரம் நீ கோல் எடுத்தபோது நான் அதிகம் கதைக்கவில்லை. அம்மாவுக்குத் தலையிடியாக்கும் என்று நினைத்து நீயும் கெதியாக வைத்துவிட்டாய். தலையிடி ஒன்றும் இல்லை. நீ சொன்ன ஒரு விசயத்தைக் கேட்ட பிறகு எனக்கு வாய் எழவில்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருசம் வகுப்பறையில் கத்திய வாய் இது. நான் பென்சன் எடுத்துக்கொண்டு வந்த அன்று, இனிப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத்தான் பாடம் நடக்கும் என்று நீ பகிடி பண்ணினாய். அந்த வாய்க்கே வார்த்தை வரவில்லை என்றால் விசயம் சின்னது இல்லை என்று நீ யோசித்திருக்க வேண்டும். ரெலிபோனில் சொன்னால் நடுவிலே நான் அழுதுவிடுவேன், நீ பதறிப்போய் வேறு கதைக்கு மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன்னுடைய போனுக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் வாசிக்க வேண்டும் என்றில்லை. உன்னுடைய பள்ளிக்கூட அதிபருக்குக் காட்டு, உன்னோடு படிப்பிக்கிறவர்களுக்கும் காட்டு. எனக்கு மறைக்கிறதற்கு இனி ஒன்றும் இல்லை.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று மழுப்பாதே. "அம்மா, வாற ஞாயிறு ஸ்கொலசிப் சோதினை. என்ர வகுப்பில பதினேழு பேர். அதில நாலு பேர் எழுபது எடுக்காதுகள். நாலு வீட்டையும் போய்ச் சொல்லிப்போட்டன், அண்டைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம், சுகமில்லை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு. அதிபருக்கு இப்பத்தான் முகத்தில சிரிப்பு வந்திருக்கு." அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பிறகு சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாய்: "நீங்கள் காட்டித்தந்த வழிதானேயம்மா."

ஓம் தம்பி. நான் காட்டித்தந்த வழிதான். அதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு நல்லதைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று எத்தனையோ பாடுபட்டேன். சைவப்பழம் மாதிரி வளர்க்கப் பார்த்தேன், நீ முட்டைப் பொரியலில் விழுந்தாய். நேரத்துக்கு எழும்பப் பழக்கினேன், அதுவும் ஏறவில்லை. கள்ளத்தை மட்டும் ஒரே தரம் காட்டினேன், அதைப் பிசகில்லாமல் பிடித்துக்கொண்டாய்.

இந்தக் கள்ளத்துக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுகிற அந்தச் சோதினையில் இருநூறுக்கு எழுபது எடுத்தால் சித்தி. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் புலமைப்பரிசில், பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, எல்லாம். வலயக் கல்விக் கந்தோர்க் கூட்டத்தில் சுவரிலே படம் போட்டு, எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வீதம் சித்தி என்று காட்டுவார்கள். வீதம் பார்க்கிறது வகுப்பில் இருக்கிற பிள்ளைகளை வைத்து இல்லை, அன்றைக்கு வந்து எழுதின பிள்ளைகளை வைத்து. வராத பிள்ளை கணக்கிலேயே இல்லை. ஆகவே பள்ளிக்கூடத்தின் தரத்தை உயர்த்த இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிள்ளைக்குப் படிப்பிக்கிறது. மற்றது, பிள்ளையை வீட்டிலே நிற்பாட்டுகிறது. இரண்டாவது ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை.

உன்னுடைய பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மல்லாவியிலிருந்து உள்ளுக்குப் போகிற அந்தக் கிரவல் றோட்டில் உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நானும் பார்த்தேன். கூலி வேலைக்குப் போகிற சனம். காலமை சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள், பத்து மணிக்குப் பள்ளிக்கூடச் சோறு வரும்வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நீயே சொன்னாய். அந்த இடத்தில் கணக்கையும் சுற்றாடலையும் தமிழிலும் இங்கிலீசிலுமாக இரண்டு மொழியில் படிப்பிக்கிற வகுப்பு என்றால் சும்மா இல்லை. வெளிநாட்டில் இருக்கிற அந்த ஊர்ச் சனம்தான் அதை நடத்துகிறது, பிள்ளைகள் இங்கிலீசில் கதைக்கிற வீடியோவை மாதம் மாதம் கேட்கிறது, முடிவுகள் நல்லாய் இல்லாவிட்டால் வகுப்பை நிற்பாட்டிவிடுவார்கள் என்று அதிபர் பயப்படுகிறார். அவருடைய பயம் பொய் இல்லை. நானும் அதே பயத்தில்தான் செய்தேன்.

சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்து கண்டாவளைப் பக்கம் குடியேறிய காலம் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை, பக்கத்துக்குத் தறப்பாள். அதிபராக வர ஒருவரும் சம்மதிக்கவில்லை, ஐந்தாம் வகுப்போடு சேர்த்து அதையும் என்னுடைய தலையில் கட்டினார்கள். அப்போது ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. இரண்டு மொழி வகுப்பு என்று அவர்கள்தான் தொடங்கினார்கள். பெட்டி பெட்டியாக இங்கிலீசுப் புத்தகம் வந்தது, ஒரு இங்கிலீசு ரீச்சர் வந்தா, அதோடு பிள்ளைகளுக்குக் காலமைக் கஞ்சியும் வந்தது. எனக்கு உண்மையைச் சொன்னால் கஞ்சிதான் பெரிசு. கஞ்சிக்காகத்தான் நான் அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். மாதம் ஒருக்கால் வாகனத்தில் வந்து இறங்கி, ஒரு இலையைப் பிடுங்கித் தூக்கிக் காட்டி, இது என்ன என்று இங்கிலீசில் கேட்பார்கள். பிள்ளைகள் கோரசாகச் சொல்லுவார்கள். நீ எல்லாருக்கும் முதல் கத்துவாய். இலைக்கு இங்கிலீசில் என்ன என்று தெரிந்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று அவர்களும் நினைத்தார்கள், நாளடைவில் நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசி வாங்கில் இருந்த வதனியை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ராணி அக்காவின் மகள். தகப்பன் சண்டையின் கடைசி நேரத்தில் செத்துப்போனவர், அதைப்பற்றி ராணி அக்கா ஒருவரோடும் கதைப்பதில்லை. அவா பரந்தன் றோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வடை சுடுகிற வேலைக்குப் போனவா. அறுவடைக் காலத்தில் தாயும் மகளும் சேர்ந்து வயலுக்குப் போய்விடுவார்கள், பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடப் பக்கமே வராது. வந்தாலும் வாய் திறக்காது. இங்கிலீசுப் பாடத்தில் ஒரு சொல் வராது. வாகனம் வந்து நின்றால் மேசைக்குக் கீழே ரப்பர் தேடுகிற மாதிரிக் குனிந்துவிடும். அந்த வகுப்புக்குத் தவணைப் பரீட்சையையும் அவர்கள்தான் தயாரித்தார்கள், பாதி இங்கிலீசு, பாதி தமிழ். வதனி இங்கிலீசுப் பாதியைத் தொடாமல் வெறுமையாகத் தருவாள். நான் மொத்தத்தைக் கூட்டிப் போட்டேன், பாதியைப் பிரித்துப் பார்க்கவில்லை. முப்பது பிள்ளையின் பேப்பரை விளக்கு வெளிச்சத்தில் திருத்துகிறவளுக்குப் பிரித்துப் பார்க்க எங்கே நேரம் என்று அப்போது சமாதானம் சொன்னேன். நேரம் இருந்தது தம்பி. மனம்தான் இருக்கவில்லை. ஒருநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளை "மூளையில்லாத மொக்கு" என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய்.

இது நான் தெரியாமல் செய்த பிழையும் இல்லை. முகாமில் இருந்தபோது நீ நாலு மாதம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. உனக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்காது. பசித்தால் என்னுடைய சீலையைப் பிடித்து இழுப்பாய், அவ்வளவுதான். அங்கே கூடாரத்துக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில் உன்னுடைய பெயருக்கு நேரே ஒருவர் "மந்தம்" என்று எழுதி வைத்திருந்தார். நான் போய் அந்த மனிசனோடு பிடித்த சண்டையை முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் கேட்டிருப்பார்கள். "கதைக்காத பிள்ளையெண்டா விளங்காத பிள்ளையோ? நீங்கள் என்ன கண்டனியள் அவன்ர மண்டைக்குள்ள?" என்று கேட்டேன். அவர் பாவம், பேனையை எடுத்து அதை வெட்டிவிட்டார். இரண்டு வருசம் கழித்து, என்னுடைய வகுப்பில் கதைக்காமல் இருந்த பிள்ளைக்கு நானே அதைச் சொன்னேன். என்னுடைய பிள்ளை என்றால் ஒரு நியாயம், ராணியின் பிள்ளை என்றால் இன்னொரு நியாயம். இதைவிட வெட்கமான ஒன்றை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று நினைத்தேன், ஆனால் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அந்த வருசம் சோதினைக்கு முதல் நடந்த வலயக் கூட்டத்தில் ஒரு அதிகாரி என்னை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார். "கஞ்சி குடுக்கிறம், புத்தகம் குடுக்கிறம், இங்கிலீசு ரீச்சர் குடுத்திருக்கிறம், போன வருசம் உங்கட வீதம் என்ன ரீச்சர்?" என்று. மண்டபம் நிறைய அதிபர்மார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அதிபர், நல்ல மனிசன்தான், மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் ஏன் எல்லாரையும் எழுத விடுறியள்? நாங்கள் ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை." அப்போதுதான் எனக்கு அந்த வழி தெரிந்தது. தெரிந்தது என்றால், திகைப்பு வரவில்லை, ஆறுதல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஐந்து வீட்டுக்குப் போனேன். அப்பா வேலையால் வர இருட்டிவிடும், வீட்டிலே உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அதனால்தான் நீ எல்லாவற்றையும் கேட்டாய்.

நாலு வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ரீச்சர் சொன்னால் சரி என்று தலையாட்டினார்கள். ராணி அக்கா மட்டும் கேட்டா: "பிள்ளைக்குச் சோதினை நம்பர் வந்திட்டுது எண்டவள். பென்சிலும் சீவி வைச்சிருக்கிறாள். ஏன் ரீச்சர் வேண்டாம்?" நான் சொன்னேன்: "எழுதிக் குறைஞ்சா பிள்ளைக்கு மனவருத்தம் வரும் ராணி. பிறகு படிப்பே வெறுத்துப்போகும். அவளின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்." வதனி கதவுக்குப் பின்னாலே நின்றாள். ராணி அக்கா, "சரி ரீச்சர், நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும்" என்றா. திரும்பி வரும் வழியில் நீ என்னைக் கேட்டாய், அம்மா வதனிக்குக் காய்ச்சலா என்று. ஓம் என்றேன். உனக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பெரியவர்கள் முகத்துக்காகத்தான் நம்புகிற மாதிரி இருக்கிறார்கள்.

முடிவு வந்தது. எழுதினவர்கள் எல்லாரும் சித்தி, நூறு வீதம். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவன் நீ ஒருத்தன்தான், நூற்று நாற்பத்தாறு. பள்ளிக்கூட வாசல் படலையில் உன்னுடைய படத்தோடு பனர் கட்டினார்கள், அடுத்த கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். முன்பு என்னை எழுப்பி நிற்க வைத்தவரே போட்டார். அந்த மாலையைச் சாமிப்படத்துக்குப் போட மனம் வராமல் ஆட்டுக்குப் போட்டேன். அதுதான் அப்போது என்னுடைய மனச்சாட்சியின் அளவு. தொண்டு நிறுவனம் அடுத்த வருசமே தன்பாட்டில் போய்விட்டது, கஞ்சியும் போய்விட்டது, நூறு வீதத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. சோதினை முடிந்து சில நாளில் அந்த வினாத்தாள் பேப்பரிலே வந்தது. ராணி அக்கா வேலை செய்த கடைக்கு வடை சுற்றப் பழைய பேப்பர்க் கட்டு வரும். அதிலே கிழமைக்குக் கிழமை அச்சாகிற சோதினை மாதிரி வினாத்தாள் பக்கங்களைப் படத்தையும் கட்டத்தையும் வைத்து அடையாளம் பிடித்து, பிரித்தெடுத்து மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறா. ஒரு வருசமாக அந்தப் பிள்ளை எண்ணெய்ப் பேப்பரில் தனியே எழுதிப் பழகியிருக்கிறது, எனக்கு ஒரு துளியும் தெரியாது. சோதினை வினாத்தாள் வந்த பேப்பர் பழைய கட்டோடு கடைக்கு வந்து சேர, உங்களுடைய முடிவும் வந்துவிட்டது. அதை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வதனியை எழுத வைத்து, எடுத்துக்கொண்டு நேரே எங்களுடைய வீட்டுக்கு வந்தா. நீ அப்போது விளையாடப் போயிருந்தாய். "ரீச்சர், கோவிக்காதேங்கோ. பிள்ளை எழுதிப் பாக்கோணும் எண்டு நிண்டவள். இதைத் திருத்தித் தாறியளோ?" என்று இரண்டு கையாலும் நீட்டினா. தாய் ஏதும் சொல்லிக் கொடுத்திருப்பா, நாள் முழுக்க இருந்து எழுதியிருப்பாள் என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கேட்காமலே சொன்னா: "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது ரீச்சர். ஆனா பக்கத்தில இருந்து மணி பாத்தனான். நேரம் முடிய வாங்கிப்போட்டன், அழுதவள், குடுக்கேல்லை."

அவாவை முற்றத்துக் கதிரையில் இருத்திவிட்டு உள்ளே மேசையில் வைத்துத் திருத்தினேன். ஒருக்கால் கூட்டி, நம்பாமல் இன்னொருக்கால் கூட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு. வெட்டுப்புள்ளிக்கு மேலே. உனக்கும் மேலே, இரண்டு புள்ளி. எல்லாம் தமிழில் கேட்ட கேள்வி, எல்லாம் தமிழில் எழுதின விடை. இலையைப்பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது, இலை எப்படிச் சாப்பாடு செய்கிறது என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்ததைப்போல நான் படிப்பிக்கக்கூட இல்லை.

அந்த நேரம் நான் வெளியே போய் ராணி அக்காவின் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என்னுடைய மண்டைக்குள் ஓடினதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். இது வெளியே தெரிந்தால் விசாரணை வரும், வேலை போகும். அது முதலாவது பயம். இன்னொன்றும் இருந்தது. படலையில் தொங்குகிற பனரில் உன்னுடைய படம் மட்டும் இருந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. திருத்தின அடையாளங்கள் தெரியாதபடி மேலே மேலே பிழை போட்டேன். சரியான விடைகளுக்குக் குறுக்கே கோடு போட்டேன். கீழே சிவப்புப் பேனையால் அறுபத்தொன்று என்று எழுதி வட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் சொன்னன்தானே ராணி, எழுபது வரேல்லை. அனுப்பாமல் விட்டது நல்லதாப் போச்சு" என்றேன். ராணி அக்கா அந்தப் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, "பெரிய உபகாரம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனா. எனக்கு உபகாரம் என்று சொல்லிவிட்டுப் போனா, தம்பி.

அதற்குப் பிறகு வதனி எப்படிப் போனாள் என்று உனக்கும் ஓரளவு தெரியும். நீ பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அவள் இங்கேயே இழுபட்டு, பதினோராம் ஆண்டு ஓ எல் சோதினை வரை வந்து நின்று, கிளிநொச்சியில் உடுப்புத் தைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போனாள். கலியாணம் கட்டி, இப்போது மூன்று வயதில் ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கிறது. என்னைச் சந்தையில் கண்டால் சைக்கிளால் இறங்கிக் கும்பிடுகிறவள். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டிவிட்டு மரக்கறியைப் பார்ப்பேன். கத்தரிக்காயை என்னைப்போல உற்றுப் பார்த்தவள் இந்த ஊரிலே இருக்க மாட்டாள்.

புதன்கிழமை நீ இன்னொரு வசனமும் சொன்னாய், அது உனக்கு ஞாபகமே இருக்காது. நாலு பேரைப்பற்றிச் சொல்லும்போது, "அதில ஒண்டு வாயே திறக்காது அம்மா, இங்கிலீசிலயும் இல்லை, தமிழிலயும் இல்லை" என்றாய். நீ ஒன்று செய். அந்தப் பிள்ளையின் தவணைப் பேப்பரை எடுத்து, இங்கிலீசுப் பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றப் பாதியை மட்டும் கூட்டிப்பார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வதனி மாதிரி எல்லாப் பிள்ளையும் நூற்று நாற்பத்தெட்டு எடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அன்றைக்கு நான் நிற்பாட்டின மற்ற நாலு பேரும் ஐம்பதோ அறுபதோதான் எடுத்திருப்பார்கள். எடுத்தால் என்ன? ஐம்பது எடுத்த பிள்ளைக்குத் தான் ஐம்பது எடுத்தேன் என்று தெரிய உரிமை இல்லையா? இரண்டு மொழி படிப்பிக்கிறதை நான் குறை சொல்லவில்லை. நல்லாய்ப் படிப்பி. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு இன்னொரு மொழியைக் கொடுக்கப் போய், அதை வைத்தே அந்தப் பிள்ளையை அளந்து வெளியே தள்ளுகிறோம் என்றால், அதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

நேற்று நான் வதனியிடம் போனேன். போகிறேன் என்றதும் அப்பா படலையை மறித்துக்கொண்டு நின்றார். "இத்தினை வருசத்துக்குப் பிறகு போய்க் கிளறி என்ன காணப்போறாய்? அவள் தன்ர பாட்டில இருக்கிறாள். உன்ர மனப்பாரத்தை இறக்க அவளின்ர தலைதானோ கிடைச்சது?" என்றார். அப்பா இப்படிக் கதைக்கிறவர் இல்லை, அதனால் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உன்னை அந்த நாலு வீட்டுக்கும் திரும்பப் போ என்று சொல்ல வேண்டுமென்றால் நான் முதலில் போயிருக்க வேண்டும். போகாமல் உனக்கு எழுதினால் அது இன்னொரு கள்ளம்.

வதனி முற்றத்தில் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். ராணி அக்கா குசினிக்குள் சமையலில். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டாள், நான் இருக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்ததை, பேப்பரை, கோடு போட்டதை, அறுபத்தொன்றை. அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப உண்மையா எத்தினை ரீச்சர் எடுத்தனான்?"

"நூற்று நாப்பத்தெட்டு" என்றேன். அவள் குசினிப் பக்கம் திரும்பி, பத்து வயதுப் பிள்ளையின் குரலில் கூப்பிட்டாள்: "அம்மா! நான் பாஸாம் அம்மா!"

ராணி அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தா. என்ன ஏது என்று விளங்க அவாவுக்கு நேரம் எடுத்தது. விளங்கினதும் என்னைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னா: "நான் மணி பாத்தனான் எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே ரீச்சர்." வதனி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்குப் படிப்பு ஏறாது எண்டுதான் நான் ஓ எல்லோட விட்டனான்" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்குச் சொன்ன மாதிரிச் சொன்னாள். பிறகு இருவரும் உள்ளே போய்விட்டார்கள். தேத்தண்ணி தரவில்லை. எங்களுடைய ஆட்கள் எதிரிக்கும் தேத்தண்ணி கொடுப்பார்கள், எனக்குத் தரவில்லை, அது சரிதான். மன்னிப்புக் கிடைத்தது என்று எழுதி உன்னைச் சந்தோசப்படுத்த ஆசைதான், ஆனால் கிடைக்கவில்லை. இனி ஒருநாள் கிடைக்குமா என்றும் தெரியாது. அவள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது, அப்படி இருக்க மன்னிப்பைக் கேட்டு வாங்கி வைத்து நான் என்ன செய்ய?

உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை. நீ என்னைப் பார்த்துச் செய்தாய். ஆனால் இனிமேல் செய்தால் அது நீ செய்ததுதான், என்னுடைய பெயரைச் சொல்ல இடம் தர மாட்டேன். அதிபர் சத்தம் போடுவார். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வகுப்பை நிற்பாட்டினாலும் நிற்பாட்டுவார்கள், பிள்ளைகள் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும், அதையெல்லாம் நான் சின்ன விசயம் என்று சொல்லவில்லை. உன்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினால் இன்னும் தூரமாகப் போட்டுவிடுவார்கள் என்றும் எனக்குப் பயம் இருக்கிறது. இருந்தும் சொல்லுகிறேன். பரீட்சைச் சுட்டிலக்கம் நாலு பேருக்கும் வந்திருக்கிறது, பெயர் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது, ஒன்றும் பிந்தவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு நாலு வீட்டுக்கும் போ. என்ன சொல்கிறது என்று நீ யோசிப்பாய், நீ சின்னதிலிருந்தே பிழையை ஒத்துக்கொள்ள நூறு காரணம் தேடுகிறவன். காரணம் ஒன்றும் சொல்லாதே. "நான் பிழையாச் சொல்லிப்போட்டன், பிள்ளையை அனுப்புங்கோ" என்று மட்டும் சொல். இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்குப் பதினாலு வருசம் எடுத்தது. உனக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும்வரை நேரம் இருக்கிறது.

அம்மா